தேதி போடாத தாள்

மொந்தெசல்வோ,
14 செப்டம்பர் 2011

அன்புள்ள நிவெஸுக்கு,

'அன்புள்ள' என்பது பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்தல் திருத்தல் உள்ள தாளை நீ எந்தக் காலத்திலும் வாங்கிக்கொண்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

பதினொரு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அலுவலக மின்னஞ்சலுக்கு எழுதினால் முதலாளி மகன் ரிக்கார்தோதான் முதலில் படிப்பான். அதனால் லாரி ஓட்டும் லேயர்க்கோவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வெட்டின தோல்களை ஏற்றிக்கொண்டு நாளை ருமேனியாவுக்கு, கோடையில் உன்னை மாற்றிய நம் காலணி ஆலையின் கிளைக்குப் புறப்படுகிறார். உன் கையில்தான் கொடுப்பேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்.

உன் வீட்டு ஜெரேனியச் செடிகளுக்கு வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றுகிறேன். கோபம் செடிகள்மேல் இல்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. திராட்சை அறுவடைக்கு அவளும் கூடையோடு கிளம்ப, எல்லாரும் சேர்ந்து திட்டி உட்கார வைத்தோம். என்னவர் எமிதியோ நலம். நான் சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்குவதில்லை, ஆனால் குழந்தை தங்கியிருக்கிறது. இரண்டு தடவை நழுவிப் போன பிறகு மூன்றாவது. டாக்டர் கவலைப்படாமல் இருக்கச் சொல்கிறார். எப்படி இருப்பது என்று அவர் சொல்லவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் விடுமுறை முடிந்து இருபத்தொன்பதாம் தேதி ஆலை திறந்தது. வருகை அட்டைகள் வைக்கும் பலகையில் என் அட்டை இல்லை. தையல் மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்து என் நாற்காலி உயரத்தை மாற்றிக்கொண்டிருந்தாள். ரிக்கார்தோ என்னை மேலே கூப்பிட்டான். வாழ்த்துச் சொல்கிற முகத்தோடு, "நீங்கதானே மே மாசமே ராஜினாமா எழுதிக் குடுத்தீங்க. நோட்டீஸ் காலம் முடிஞ்சுபோச்சு. உங்களை மாதிரி நல்ல வேலைக்காரங்க போறதுல எங்களுக்கும் வருத்தம்தான்" என்றான். நான் எழுதவே இல்லையே என்றேன். ஒரு தாளைத் தூக்கித் தூரத்தில் காட்டினான். கீழே என் கையெழுத்து இருந்தது, நீல மையில். மேலே கருப்பு மையில் தேதி. நாளின் மேல் அவன் கட்டைவிரல். மாதத்தின் பெயர் மட்டும் தெரிந்தது. 'maggio' என்பதில் வருகிற இரண்டு g எழுத்துக்கும் கீழே நீளமாக வால்.

அந்த வாலை நான் ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன் நிவெஸ். சம்பளச் சீட்டில், மருத்துவப் பரிசோதனை அழைப்பில், என் கல்யாண வாழ்த்து அட்டையில். அந்தத் தேதிக்குப் பக்கத்திலேயே 'நேரில் பெறப்பட்டது' என்ற முத்திரை. அதற்குள் உன் சுருக்கொப்பம்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உனக்கு நினைவிருக்கிறதா? பணியாளர் பிரிவு மேசையில் இருந்த நீ, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பிறகு இன்னொரு தாளை நீட்டினாய். தட்டச்சில் நாலு வரி ராஜினாமா, தேதி இல்லை. இது எதற்கு என்று கேட்டேன். "எல்லாரும் போட்டதுதான்டி, நானும் போட்டிருக்கேன். திருடுறவங்களுக்காக வெச்சிருக்கு, நீ என்ன திருடவா போறே? அது பாட்டுக்கு அலமாரில தூங்கும்" என்றாய். அன்றைக்கு எனக்கு வேலை வேண்டியிருந்தது, உன்னையும் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று. கையெழுத்துப் போட்டேன்.

தொழிலாளர் அலுவலகப் பரிசோதகர் வந்த நாளும் எனக்கு நினைவிருக்கிறது. வேலை நேரப் பதிவு, பாதுகாப்புப் பயிற்சிக் கையெழுத்துகள், பசைப் பிரிவின் காற்றுப் பரிசோதனை எல்லாம் கோப்பு கோப்பாக வரிசையில் இருந்தது. இவ்வளவு சுத்தமாக யாரும் வைத்துப் பார்த்ததில்லை என்று உன்னைப் பாராட்டிவிட்டுப் போனார். அந்தத் தேதியில்லாத தாள்கள் கிடந்த கீழ் இழுப்பறையை மட்டும் அவர் திறக்கச் சொல்லவில்லை. அன்று மாலை நாம் ஒலிவக்காய்ப் பொரியலும் வெள்ளை ஒயினும் வைத்துக் கொண்டாடினோம். நானும் சேர்ந்து சிரித்தேன். அது இப்போது நெஞ்சில் குத்துகிறது.

கர்ப்பம் என்று தெரிந்ததும் முதலில் உனக்குத்தான் போன் செய்து சொன்னேன். என் அம்மாவுக்குக்கூட இரண்டாவதாகத்தான். ஆபீஸில் சொல்லப் பயமாக இருக்கிறது என்றபோது நீ என்ன சொன்னாய்? "சட்டம் உன் பக்கம்டி. சர்டிபிகேட்டை நாளைக்கே குடுத்துடு. குழந்தைக்கு ஒரு வயசு ஆகற வரைக்கும் ஒருத்தனும் உன்னை அசைக்க முடியாது" என்றாய். நீ சொன்னாய் என்பதற்காக ஜூலை இருபத்தைந்தில் கொடுத்தேன். இருபத்தெட்டாம் தேதி கிளம்பின லாரியில் உன் பெயருக்கு ஒரு பழுப்பு உறை போயிற்று, அடுத்த லாரியிலேயே திரும்பியும் வந்தது. லேயர்க்கோ விகற்பமில்லாமல் சொன்னார், பாவம், அதில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

தொழிற்சங்க வழக்கறிஞர் பியாஜியோலி அம்மாவைப் பார்த்தேன். கர்ப்பிணி ராஜினாமா செய்தால் அரசு அலுவலகத்துக்குப் போய், யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று அவளே நேரில் சொல்ல வேண்டுமாம். அதிலிருந்து தப்பத்தான் கர்ப்பத்துக்கு முந்தின தேதியாகப் போட்டிருக்கிறார்கள் என்றார். மூன்று வருடம் முன்பு, எண் போட்ட அரசுப் படிவத்தில்தான் ராஜினாமா செய்யலாம் என்று ஒரு சட்டம் வந்தது. ஆட்சி மாறியதும் சில மாதத்திலேயே எடுத்துவிட்டார்கள். நீதான் அன்று "அப்பாடா, ஒரு படிவம் குறைஞ்சுது" என்றாய்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. ரிக்கார்தோ முதலாளியின் மகன், அவன் செய்வான். நீ ஏன் செய்தாய்? வேலை போனால் எமிதியோவின் ஒற்றைச் சம்பளத்தில் இந்த வீடு நிற்காது என்பது உனக்குத் தெரியாதா? அந்தத் தாளில் தேதி எழுதும்போது என் முகம் கண்ணில் வரவில்லையா? அது தேதி போடாத தாளாகத்தான் இருந்தது என்று அதிகாரி முன்னால் வந்து சொல். வேறெதுவும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
லோரெட்டா

*

மொந்தெசல்வோ,
9 அக்டோபர் 2011

அன்புள்ள நிவெஸ்,

இந்த முறை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன்: அன்புள்ள, அன்புள்ள, அன்புள்ள.

அந்தத் தாளின் நகல் நேற்றுப் பதிவுத் தபாலில் வந்தது. வழக்கறிஞர் அம்மா கேட்டிருந்தார், கொடுத்தே ஆகவேண்டுமாம். சாப்பாட்டு மேசையிலேயே பிரித்தேன். ரிக்கார்தோவின் கட்டைவிரல் இல்லாமல் தேதி முழுசாகத் தெரிந்தது. மே 16. நான் சிரித்த சிரிப்பில் எமிதியோ கையில் இருந்த ரொட்டியைப் போட்டுவிட்டு, வலி வந்துவிட்டது என்று கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

மே 16! இந்த ஊர் நாய்க்குக்கூடத் தெரியும் அது உபால்தோ புனிதரின் திருநாள் என்று. நம் ஊருக்கு மட்டுமான விடுமுறை. கடை, வங்கி, பள்ளிக்கூடம், எட்டு ஆலைகள் எல்லாவற்றுக்கும் பூட்டு. அன்று காலை பத்து மணிக்கு, 'நேரில் பெற்றதாக' முத்திரை குத்தின நீயும், 'நேரில் கொடுத்த' நானும் எங்கே இருந்தோம்? பவனியில் புனிதரின் சுரூபத்திலிருந்து தொங்கும் இரண்டு பக்கத்து நாடாவையும் பிடித்துக்கொண்டு நடந்தோம். நீ இடது பக்கம், நான் வலது பக்கம், ஏழு வருடமாக அப்படித்தான். உன் புதுச் செருப்பு கடித்து, தேவாலயப் படியில் வெறுங்காலோடு ஏறினாய். பங்குச்சாமியார் அதைப் பெரிய பக்தி என்று நினைத்துப் பிரசங்கத்தில் வேறு சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் நாடாவே ஆடியது.

ரிக்கார்தோ மிலானில் அம்மாவோடு வளர்ந்தவன். அவன் மேசையில் இருக்கிற நாட்காட்டியில் அது சாதாரணத் திங்கட்கிழமை, கருப்பு எண். மே மாதத்தில் ஏதாவது ஒரு நாள் போடுங்கள் என்று உன்னிடம் சொல்லியிருப்பான். நீ முப்பத்தொரு நாளில் அந்த ஒரே ஒரு நாளைப் பொறுக்கி எடுத்திருக்கிறாய். அடி கள்ளி! போனை எடுக்காததும், பதில் போடாததும் எதற்கென்று இப்போது புரிகிறது. எங்கேயாவது வெளியே வந்துவிட்டால் தேதியை மாற்றிவிடுவான் அல்லவா? ஒரு மாதமாக உன்னை நான் திட்டாத திட்டில்லை. போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு, படித்ததையும் மறந்துவிடு.

எனக்குப் பொறுக்கவில்லை, எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். தையல் பிரிவுப் பெண்களிடம், ரொட்டிக் கடையில், உன் அம்மாவிடம். உன் அம்மா அழுதுவிட்டாள். "என் பொண்ணு வாய் பேச மாட்டா, ஆனா விட்டுக் குடுக்க மாட்டா" என்றாள். வழக்கறிஞர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஆலையின் மே மாத வருகைப் பதிவேட்டைக் கேட்டு எழுதியிருக்கிறார். அதில் பதினாறாம் தேதிக்கு நேராக என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியமாம். அதையும் நீதானே எழுதியிருப்பாய்!

அவருக்கு உன்னிடமிருந்து ஒரு வரி வேண்டும். தேதியை ஜூலையில் எழுதினேன், தெரிந்தேதான் எழுதினேன் என்று. உனக்கு அங்கே தொந்தரவு வருமென்றால் இப்போதைக்கு எனக்கு மட்டுமாவது எழுது. குழந்தைக்கு நீதான் ஞானத்தாய், அதில் மாற்றமில்லை. எமிதியோவும் சம்மதித்துவிட்டார். அவர் எதற்கு இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தார் என்றால், உன்னைப் பற்றி நான் பேசுவதை நிறுத்தினால் போதும் என்றுதான்.

லேயர்க்கோவிடம் ஒரு புட்டி புதுத் திராட்சைச் சாறும் கொடுத்திருக்கிறேன். வழியில் அவர் குடிக்காமல் இருந்தால் உனக்கு.

என்றும் உன்,
லோரெட்டா

*

மொந்தெசல்வோ,
22 ஏப்ரல் 2012

நிவெஸுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

உன் பதில் நவம்பரில் வந்தது. லேயர்க்கோ லாரியை நிறுத்தி, கதவைத் திறக்கும் முன்பே ஜன்னல் வழியாக நீட்டினார். அங்கேயே நின்று படித்தேன். நாலு வரி. ரிக்கார்தோ போனில் சொன்ன தேதியைத்தான் எழுதினாய். அன்று என்ன நாள் என்று உனக்குத் தோன்றவே இல்லை. உன்னுடைய தாளும் அவன் அலமாரியில்தான் இருக்கிறது. சாட்சிக்கு உன்னைக் கூப்பிட வேண்டாம் என்றாய்.

பயந்தாய் என்பதை நான் மன்னித்துவிடுவேன் நிவெஸ். நானும் பயந்தவள்தான், பயந்துதான் அந்தத் தாளில் கையெழுத்தே போட்டேன். ஆனால் தோன்றவே இல்லை என்றாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இந்த ஊரில் பிறந்தவள், ஏழு வருடம் என் எதிரே நாடா பிடித்தவள். பதினாறு என்று எழுதும்போது கை ஒரு நொடி நிற்கவில்லையா? என்னைக் காட்டிக்கொடுத்தபோது நீ வேதனைப்பட்டிருப்பாய் என்று முதல் கடிதத்தில்கூட எங்கேயோ நம்பிக்கொண்டிருந்தேன். நீயோ அதைச் சம்பளச் சீட்டு நிரப்புவது போல நிரப்பியிருக்கிறாய்.

அந்த நாலு வரியை வழக்கறிஞர் அம்மாவிடம் கொடுத்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். ரிக்கார்தோ போனில் சொன்னான், நீ எழுதினாய் என்று உன் கையாலேயே இருக்கிறது. நான் கொடுக்கவில்லை. எமிதியோவிடம்கூடக் காட்டவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதே. கொடுத்தால் அடுத்த நாள் உன் தாளுக்கும் தேதி விழும் என்பது ஒரு காரணம். மற்றதை எழுத எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரியில் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் சமரசப் பேச்சுக்குக் கூப்பிட்டார்கள். எட்டு மாத வயிற்றோடு மூன்று மாடி ஏறினேன், லிப்ட் பழுது. ரிக்கார்தோ தன் வக்கீலோடு வந்திருந்தான். அவன் அப்பா, கிழவர் எல்வியோவும் வந்திருந்தார். ஓய்வு பெற்றாலும் ஆலை இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. நம் வழக்கறிஞர் அம்மா சத்தமே போடவில்லை. ராஜினாமாத் தாளை ஒரு பக்கமும் மே மாதப் பதிவேட்டை இன்னொரு பக்கமும் வைத்தார். பதிவேட்டில் பதினாறாம் தேதிக்குக் கீழே, நாற்பத்து மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கோடு, 'புனிதர் திருநாள், ஆலை மூடல்' என்று. இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே வால். பூட்டின ஆலைக்குள் இந்தப் பெண் யாரிடம் போய் இதைக் கொடுத்தாள் என்று மட்டும் கேட்டார்.

ரிக்கார்தோவின் வக்கீல் தண்ணீர் குடித்தார். கிழவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு அதிகாரி முன்னாலேயே, "அட முட்டாப்பயலே, உபால்தோ திருநாள் அன்னிக்கு எந்தக் கழுதைடா ராஜினாமா குடுக்கும்? அன்னிக்கு நானே ஆலைக்குள்ள போக முடியாதேடா!" என்று கத்தினார். தான் என்ன ஒப்புக்கொண்டோம் என்பது அவருக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். மாலைக்குள் எல்லாம் கையெழுத்தாகிவிட்டது. பிரசவ விடுப்பு முடிந்ததும் என் மெஷின், என் நாற்காலி, விட்டுப்போன மாதங்களும் பணிக்காலத்தில் சேர்த்தி.

வழக்கறிஞர் அம்மா அதோடு விடவில்லை. கீழ் இழுப்பறையில் இருக்கிற எல்லாத் தாளும் அவரவர் கைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் பரிசோதகரோடு வருவேன் என்றார். கிழவரே கொண்டுவந்து உணவுக்கூடத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் கொடுப்பது போல இருந்தது. சிலர் கிழித்தார்கள், சிலர் அழுதார்கள். பசைப் பிரிவு மரீஸா அதில் காகிதக் கப்பல் செய்து காப்பி மெஷின் மேல் வைத்தாள். உன் பெயரைக் கூப்பிட்டபோது யாரும் இல்லை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான் போய் வாங்கிக்கொண்டேன்.

குழந்தை மார்ச் பதினெட்டில் பிறந்தது. பெண். வியோலா என்று பெயர். மூன்று கிலோ இருநூறு. எமிதியோவின் காது, என் கோபம். பால் கிடைக்க அரை நிமிஷம் தாமதமானால் ஆலைச் சங்கு ஊதுகிறாள்.

இப்போது ஊரில் உன் பேச்சுதான். நான்தானே அக்டோபரில் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தேன். சந்தையில் இரண்டு அடி வைத்தால் யாராவது நிறுத்தி, "நம்ம நிவெஸ் எப்ப வரா? என்ன மூளை அவளுக்கு! முதலாளி மகன் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டாளே" என்கிறார்கள். பங்குச்சாமியார் இந்த வருடமும் நாடாவின் இடது பக்கம் உனக்குத்தான் என்று எழுதி ஒட்டியிருக்கிறார். உன் அம்மா உன் புகைப்படத்தைக் கூடத்துக்கு மாற்றிவிட்டாள். அவள் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் போயிருந்தேன். உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன், காப்பி போட்டுக் கொடுத்தாள், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

உன் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே உன் கையெழுத்து, இருபது வருடம் முந்தியது. அப்போது உன் வால்கள் இன்னும் இவ்வளவு நீளவில்லை. தேதி போடும் இடம் காலியாக இருக்கிறது. இரண்டு மாதம் இது என் சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்கு அடியில் கிடந்தது. பேனாவும் அங்கேதான் கிடந்தது. கோபம் தலைக்கேறின நாட்களில் இழுப்பறையைத் திறந்து பார்த்திருக்கிறேன். எதுவும் எழுதவில்லை. கிழிப்பதும் வைத்துக்கொள்வதும் இனி உன் பாடு.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஞானத்தாய் எமிதியோவின் தங்கை. வேறு மாதிரி செய்ய எனக்கு மனம் வரவில்லை, வருத்தப்படாதே. ஆனால் நீ வரவேண்டும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள், இன்னொரு பொய் சொல்ல என்னிடம் தெம்பில்லை. வந்தால் எல்லாரும் உன்னைக் கட்டிக்கொள்வார்கள், நன்றி சொல்வார்கள். கிழவிகள் கையைப் பிடித்து முத்தம் கொடுப்பார்கள். நீ எதையும் திருத்தாதே. வாங்கிக்கொள். நானும் வலது பக்கத்து நாடாவைப் பிடித்துக்கொண்டு உன் எதிரே நடப்பேன், ஒன்றும் சொல்ல மாட்டேன். அன்றைக்கு வலிக்காத செருப்பாகப் போட்டுக்கொண்டு வா.

கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும். அங்கே குளிர் அதிகம் என்று லேயர்க்கோ சொன்னார், உடம்பைப் பார்த்துக்கொள். உன் ஜெரேனியம் பூத்திருக்கிறது.

ஞானஸ்நானம் மே 16, காலைப் பவனி முடிந்தவுடன். அன்று ஆலை மூடியிருக்கும். என்ன நாள் என்பதை இந்த முறையாவது நினைவில் வை.

லோரெட்டா